கமலாவின் ஃபோர்-வீல் என்ஜினும் எங்கள் வீட்டுப் போர்ச்சும்

போன மாதம் என் பழைய பட்டறைக்காரர்கள் ஒரு மதிய விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் புதுப் பட்டறையைச் சுற்றிக் காட்டினார்கள். தரை சாப்பாட்டு மேசை போல இருந்தது. எங்கள் கண் முன்னாலேயே ஒரு டீசல் என்ஜின் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. வண்டியிலிருந்த பழையது வெளியே வந்தது, புதியது உள்ளே போனது, வேலை முடிந்தது.

“இப்பல்லாம் யாரும் என்ஜினைத் தொறக்கறது இல்ல அண்ணே” என்றார் இப்போதைய ஃபோர்மன் ரவி.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இந்த வசதி என் காலத்தில் இருந்திருந்தால் என் முதுகு இன்னும் நேராக இருந்திருக்கும். ஆனால் ரவி விடவில்லை. “நீங்க ரிட்டையர் ஆனப்புறம் வீட்லயே ஒன்னு முழுசா பிரிச்சுக் கட்டினீங்களாமே? எப்படின்னு எழுதித் தாங்கண்ணே. பசங்க நம்ப மாட்டேங்கறாங்க” என்றார். பேசச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பேன். எழுதச் சொல்லிவிட்டதால் முதலிலிருந்து வருகிறேன்.

நான் அரசாங்க வாகனப் பட்டறை ஒன்றில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்தேன். கிள்ளானில் தொழிற்பள்ளி இரண்டு வருடம், பிறகு பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தேன். முதல் வருடம் முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கான பாகங்களைக் கழுவினேன். இரண்டாம் வருடமும் கழுவினேன். மூன்றாம் வருடம் ஸ்பேனர் கொடுத்தார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

சொல்ல வேண்டியது எங்கள் மேலதிகாரி நடராஜா சாரைப் பற்றி. யாழ்ப்பாணக் குடும்பம், வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். அங்கிருந்து தினமும் பஸ் பிடித்துக் கிள்ளானுக்கு வருவார். வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் மடித்த வெள்ளைக் கைக்குட்டை. பட்டறைக்குள் நடக்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. எங்களை “நீர்” என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் “டைட்டா இருக்கு சார்” என்றோ “கொஞ்சம் தேஞ்சிருக்கு சார்” என்றோ சொல்லிவிட்டுத் தப்ப முடியாது.

“எவ்வளவு?” என்பார்.

அளந்து, எண்ணோடு வந்தால்தான் அடுத்த பேச்சு. அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் பயந்த அளவு வேறு எந்த ஆளின் வசவுக்கும் பயந்ததில்லை.

ஸ்பேனர் கைக்கு வந்து நான்கு வருடம் ஆனபோது, ஒரு ஃபோர்-வீல் வண்டியின் டீசல் என்ஜினை முழுதாகக் கட்டும் வேலை முதன்முதலாக எனக்குத் தனியாகக் கிடைத்தது. நில அளவைக்காரர்களின் வண்டி அது. சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கிய பிறகு என்ஜின் பிளாக் முழுக்க இரும்புத் தூள் இருக்கும். எண்ணெய் ஓடுவதற்கென்று உள்ளே நீளமான துளைகள் உண்டு. அவற்றின் முனைகளை அடைத்திருக்கும் பிளக்குகளை எல்லாம் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும். நான் எல்லாவற்றையும் கழற்றினேன், பின்பக்கம் இருந்த ஒன்றைத் தவிர. அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஒரு மணி நேரம் போராடிவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும் என்று விட்டுவிட்டேன். என்ஜின் அழகாக ஓடியது. நடராஜா சார் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரத்தில் பகாங் காட்டுப் பாதையில் அது இறுகி நின்றுவிட்டது.

இழுத்து வர லாரியில் நானும் போனேன். அதிசயமாக நடராஜா சாரும் ஏறிக்கொண்டார். அங்கே போனால் அளவைக் குழுவின் தலைவர் ஒருவர், டிரைவர் மணியத்தை நிற்க வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். எண்ணெய் பார்க்காமல் ஓட்டி என்ஜினைக் கெடுத்துவிட்டான், இவனை வேலையை விட்டுத் தூக்க எழுதப் போகிறேன் என்றார். மணியத்துக்கு ஐம்பது வயதிருக்கும். “நான் தினம் பாத்தேன் சார், தினம் பாத்தேன்” என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நடராஜா சார் செருப்பு மூழ்கும் சேற்றில் அந்த வெள்ளைச் சட்டையோடு மண்டியிட்டு, வண்டியின் அடியில் எண்ணெயை இறக்கச் சொன்னார். தன் கைக்குட்டையை விரித்து அதன் வழியாக எண்ணெயை வடித்தார். பிறகு அதை வெயிலில் தூக்கிப் பிடித்தார். எண்ணெயில் கறுத்த துணியில் வெள்ளி வெள்ளியாக மின்னியது.

“எண்ணெய் இருந்திருக்குது. அளவும் சரி. இது இரும்புத் தூள். டிரைவர்ட பிழை இல்லை, எங்கட பிழை” என்று அந்தத் தலைவரிடம் சொன்னார். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மணியம் அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் பெந்தோங் தாண்டியதும் அவர் பக்கம் திரும்பினேன். பிறகு சொன்னேன். “சார், பின்னால இருந்த பிளக்கைக் கழட்டல. துரு புடிச்சிருந்துச்சு.”

“தெரியும்.”

“எப்படி சார்?”

“மற்றதெல்லாம் புதுசாப் பளிச்செண்டு இருந்தது. அது மட்டும் பழைய பெயின்ட்டோட இருந்தது. இண்டைக்குத்தான் கண்டன். கையெழுத்துப் போட முதல் பார்த்திருக்க வேணும், பார்க்கேல்லை. அதாலதான் எங்கட பிழை எண்டு சொன்னனான்.” பிறகு, “திங்கட்கிழமை அந்தப் பிளக்கில ஸ்பேனரை நான் பிடிக்கிறன், நீர் கழற்றும்” என்றார்.

அப்படியே செய்தார். கைகளை முன்னால் கொண்டு வந்து அவர் ஒரு கருவியைப் பிடித்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அதன் பிறகு என் கையில் கட்டிய எந்த என்ஜினிலும் ஒரு பிளக்கும் கழற்றாமல் இருந்ததில்லை.

அப்புறம் வருடங்கள் ஓடின. நான் ஃபோர்மன் ஆனேன். ஃபோர்மன் என்றால் மேசை, நாற்காலி, நிரப்ப வேண்டிய பாரங்கள். கடைசி இருபத்திரண்டு வருடம் நான் பேனாவைத்தான் பிடித்தேன். நடராஜா சாரும் ஓய்வு பெற்று மகளோடு வெளிநாடு போய்விட்டார். அறுபதில் எனக்கும் மாலை போட்டு அனுப்பினார்கள்.

இப்போது கமலாவின் கதைக்கு வருகிறேன். கமலா என் மனைவி புஷ்பாவின் தங்கை. கேரி தீவில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நாற்றுப் பண்ணை நடத்துகிறாள்: செம்பனை, தென்னை, வாழை. தோட்டத்து மண் பாதைகளில் நாற்று ஏற்றிப் போக ஒரு பழைய ஃபோர்-வீல் வண்டி வைத்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற மறுவருடம், மழைக்காலம் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது, அந்த வண்டி கொதித்து நின்றுவிட்டது. இரண்டு பட்டறைகளில் காட்டினாள். இரண்டிலும் என்ஜின் செத்துவிட்டது என்றார்கள். அந்த மாடலுக்கு மாற்று என்ஜின் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

அவளுடைய நானூறு செம்பனை நாற்றுகள் மழைக்கு முன்னால் சிறு தோட்டக்காரர்களிடம் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் பைக்குள்ளேயே வேர் சுற்றிக்கொண்டு வீணாகிவிடும். இரண்டு வருட வளர்ப்பு.

நான் போய்ப் பார்த்தேன். “நான் கட்டித் தர்றேன்” என்றேன்.

கமலா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அத்தான், கோவிச்சுக்காதீங்க. நீங்க கடைசியா ஸ்பேனர் புடிச்சது எப்போ?”

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே புஷ்பா பதில் சொல்லிவிட்டாள். “நம்ம சின்னவ பொறந்தப்போ.” எங்கள் சின்னவள் இப்போது சுபாங் ஜெயாவில் வக்கீலாக இருக்கிறாள்.

ஆனாலும் கமலாவுக்கு வேறு வழியில்லை. வண்டியைக் கட்டி இழுத்து வந்து தாமான் குடியிருப்பில் இருக்கும் எங்கள் வீட்டின் கார் போர்ச்சில் விட்டோம். பக்கத்து வீட்டு ஹாஜி டயர் கடை வைத்திருக்கிறார். அவருடைய கிரேன் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். என்ஜின் தொங்கிக்கொண்டே வெளியே வந்தபோது அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மாசே ஹிடுப் கா?” என்றார். இன்னும் உயிர் இருக்கிறதா என்று கேட்கிறார். “கொஞ்சம் இருக்கு ஹாஜி” என்றேன்.

பிரித்துப் பார்த்ததில் கதை விளங்கியது. தண்ணீர்க் குழாய் ஒன்று கசிந்து, என்ஜின் சூடேறி, மேல்பகுதியான ஹெட் வளைந்திருந்தது. மூன்றாவது சிலிண்டரின் சுவரில் பூனை பிறாண்டியது போலக் கோடுகள். ஆனால் கிராங்க் தண்டு நன்றாக இருந்தது. அடித்தளம் கெடவில்லை என்று தெரிந்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

புஷ்பா கிள்ளானில் அறுவை சிகிச்சை அறைத் தாதியாக முப்பது வருடம் இருந்தவள். எங்கள் தெருவில் அவளை இன்றைக்கும் “மிஸ்ஸி” என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கழற்றிய பாகங்களைப் பழைய பிஸ்கட் டின்னில் போடுவதை ஒருநாள் பொறுத்தாள். மறுநாள் தன் கேக் தட்டுகளைக் கொண்டு வந்து வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சீட்டு. என்ன கழன்றது, எத்தனை, எந்த சிலிண்டர் என்று ஒரு நோட்டில் எழுதினாள்.

“இது ஆபரேஷன் தியேட்டரா?” என்றேன்.

“அங்க உள்ள போனது எல்லாம் வெளிய வந்துச்சான்னு எண்ணாம தைக்க விட மாட்டோம். உங்க பட்டறையில எப்படியோ.”

எண்ணிக்கொண்டே வந்தவள், “டீசலைப் பீச்சற இன்ஜெக்டர் நாலு வந்துச்சு. அதுக்கடியில இருக்கற செப்பு வாஷர் மூணுதான் இருக்கு” என்றாள்.

“கீழ விழுந்து உருண்டிருக்கும். புதுசுதானே போடப் போறோம், விடு.”

அவள் விடவில்லை. அந்த வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

பிளாக்கையும் ஹெட்டையும் மேரு ரோட்டில் இருக்கும் ஒரு மெஷின் ஷாப்புக்குக் கொண்டு போனோம். சிலிண்டர்களைக் கடைந்து, ஹெட்டின் முகத்தைச் சீவிச் சமன்படுத்திக் கொடுத்தார்கள். பிறகு கழுவும் வேலை. அதற்கு மட்டும் இரண்டு முழு நாள். எல்லாப் பிளக்கையும் கழற்றினேன். நீளப் பிரஷ், சோப்புத் தண்ணீர், மறுபடி தண்ணீர், காற்று, மறுபடி பிரஷ். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். புஷ்பா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மூன்று முறை திருப்பி அனுப்பினாள். நான்காவது முறை தலையாட்டினாள். உடனே எண்ணெய் பூசி, பெரிய பிளாஸ்டிக் பையால் மூடினோம்.

கட்டும் வேலை தொடங்கிய அன்றுதான் என் ரகசியம் வெளியானது. பிஸ்டன் வளையத்தை சிலிண்டருக்குள் வைத்தால் அதன் இரு முனைகளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். மெல்லிய தகடுகளை நுழைத்து அதை அளப்போம். மோசமாக இருந்த மூன்றாவது சிலிண்டரிலிருந்து ஆரம்பித்தேன். தகட்டை நுழைக்கும்போது என் வலது கை நடுங்கியது. ஓய்வு பெறுவதற்கு முன்னாலிருந்தே இருப்பதுதான். கையெழுத்துப் போடும்போது யாரும் கவனித்ததில்லை. ஒருவழியாக மூன்றாவதை அளந்து முடித்தேன். இரண்டாவதுக்குப் போனபோது தகடு டக்டக்கென்று இரும்பில் தாளம் போட்டது.

புஷ்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எவ்வளவு நாளா இருக்கு இது?”

“ரொம்ப நாளா.”

“டாக்டர்கிட்டப் போகலாம். இப்ப அதைக் குடுங்க.”

கொடுத்தேன். அவள் கை இருக்கிறதே, ஒரு சிறு அசைவு கிடையாது. தகடு வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. “இது லூசா போகுது. அடுத்தது?” “அடுத்த சைஸ்.” “இது லேசா புடிக்குது.” “அதான்.” அவள் எண்ணை வாசித்தாள், நான் எழுதினேன். அன்றிலிருந்து அளப்பது அவள், இறுக்குவது நான். அடுத்த வாரம் டாக்டரையும் பார்த்தோம். ஆபத்தில்லாத நடுக்கம்தான் என்றார். அந்த மாத்திரை இன்றும் சாப்பிடுகிறேன்.

கிராங்க் தண்டைப் படுக்க வைத்து மூடிகளை இறுக்கியதும் ஒரே கையால் சுற்றிப் பார்த்தோம். பட்டுப் போலச் சுழன்றது. புஷ்பா இரண்டு முறை தானே சுற்றிப் பார்த்துச் சிரித்தாள். பிஸ்டன்கள் இறங்கின. ஹெட்டின் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி, கோலம் போடுவது போல வெளியே வெளியே என்று மூன்று சுற்றாக இறுக்கினோம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அவள் நோட்டில் டிக். ஐந்தாவது வாரம் என்ஜின் வண்டிக்குள் ஏறியது.

ஒரு சனிக்கிழமை காலை ஸ்டார்ட் செய்வதாகச் சொல்லியிருந்தேன். கமலா கேரி தீவிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். ஹாஜி தேநீர்க் கோப்பையோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். முதலில் டீசல் போகாமல் சும்மா சுற்றவிட்டு, எண்ணெய் எல்லா இடத்துக்கும் ஏறியதை உறுதி செய்தேன். குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினேன். சாவியைத் திருப்பினேன்.

பிடித்துக்கொண்டது. ஹாஜி கை தட்டினார். ஆனால் என் முகம் மலரவில்லை. என்ஜின் ஒரு பக்கம் நொண்டி நொண்டி ஆடியது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை வந்து ஹாஜி வீட்டுத் துணிக்கொடியை மூடியது.

“அத்தான், இது இப்படித்தான் ஆடுமா?” என்றாள் கமலா.

“ஆடக் கூடாது.”

நான்கு இன்ஜெக்டர்களுக்கும் போகும் டீசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்திப் பார்ப்பது பழைய வழி. தளர்த்தியதும் என்ஜின் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். முதலாவது தடுமாறியது. இரண்டாவது தடுமாறியது. மூன்றாவதைத் தளர்த்தினேன். ஒரு மாற்றமும் இல்லை.

மூன்றாவது. என் நடுங்கும் கையால் நான் மட்டும் அளந்தது.

என்ஜினை நிறுத்தினேன். தெருவே அமைதியாகிவிட்டது போல இருந்தது. மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமென்றால் இன்னும் மூன்று வாரம். நாற்றுகள் காத்திருக்காது. ‘டீசல் சரியில்லை’ என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க மாட்டேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கமலாவிடம் போனேன்.

“என் தப்பா இருக்கலாம்மா. மூணாவதுல வளையத்தை நான்தான் அளந்தேன். கை நடுங்குச்சு. சொல்லாம விட்டுட்டேன்.”

கமலாவின் கண் வண்டியிலேயே இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“அதைப் பிரிக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க லா” என்ற குரல் வந்தது. புஷ்பா நோட்டைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சிவப்பு வட்டம். “நாலு வரணும், மூணு வந்துச்சு. நாலாவது எங்க போச்சுன்னு நீங்க சொல்லவே இல்ல.”

பத்து நிமிடத்தில் மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றினேன். டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தேன். நான் போட்ட புது வாஷர் தெரிந்தது. அதை எடுத்தேன். அதற்குக் கீழே, கரி படிந்து, அடித்தளமே போல ஒட்டிக்கொண்டிருந்தது பழைய வாஷர். மெஷின் ஷாப் கண்ணுக்கும் தப்பியிருக்கிறது, என் கண்ணுக்கும் தப்பியிருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இருந்ததால் இன்ஜெக்டர் தன் இடத்தைவிட்டு மேலே நின்றிருக்கிறது. டீசல் போய் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. என் கை நடுக்கத்துக்கு அதில் பங்கே இல்லை. “விடு” என்று சொன்ன என் வாய்க்குத்தான் பங்கு.

கொக்கி வைத்த கம்பியால் நெம்பி எடுத்தேன். புஷ்பா உள்ளங்கையை நீட்டினாள். அதில் வைத்தேன். அவள் அதை மூன்றோடு சேர்த்துத் தட்டில் போட்டு, நோட்டில் நாலு என்று திருத்தினாள்.

மறுபடி மாட்டிச் சாவியைத் திருப்பினேன். நான்கு சிலிண்டரும் ஒரே சீராகப் பாடின. ஹாஜி இந்தப் பக்கம் வந்து போனட்டின் மேல் வைத்த தேநீர்க் கோப்பை ததும்பக்கூட இல்லை. “பாகுஸ், மிஸ்ஸி!” என்றார் அவர். எனக்கு ஒரு பாராட்டும் இல்லை.

மறுநாள் முன்கூட்டியே ஒரு மழை பெய்துவிட்டது. மூன்று பேரும் வண்டியில் கேரி தீவுக்குப் போனோம். பண்ணையில் முதல் நடைக்கு நாற்றுகளை ஏற்றினோம். கமலா சாவியை என்னிடம் கொடுத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். புஷ்பா பின் இருக்கையில். செம்பனைகளுக்கு நடுவே மண் பாதை குழைந்து கிடந்தது. நடுவில் ஒரு பள்ளம், தாண்டினால் ஏற்றம். பள்ளத்தின் அடியில், சக்கரம் பாதி சேற்றில் இருக்கும்போது கமலா கையைக் காட்டினாள்.

“இங்க நிறுத்துங்க அத்தான். என்ஜினை ஆஃப் பண்ணுங்க.”

“இங்கேயா?”

“இங்கதான். நாளைக்கு நான் தனியா வருவேன். நின்னு போனா இந்த இடத்துலதான் நிக்கும்.”

நிறுத்தினேன். இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கமலா வேண்டுமென்றே காத்திருக்க வைத்தாள் என்று நினைக்கிறேன். பிறகு தலையாட்டினாள். திருப்பினேன். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. லோ கியரில் போட்டேன். வண்டி முனகாமல், வழுக்காமல், சுமையோடு ஏற்றம் ஏறி மேட்டில் போய் நின்றது.

கமலா இறங்கி என் பக்கம் வந்து கதவைத் திறந்தாள். “இறங்குங்க. இனி நான் ஓட்டறேன்.” நான் இறங்கினேன். எதற்கோ புஷ்பாவும் இறங்கினாள். கமலா ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் ஒருமுறை தட்டினாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. கியரைப் போட்டாள். நாற்றுகள் தலையாட்ட, வண்டி வளைவில் திரும்பி மறைந்தது.

சத்தம் வெகுதூரம் வரை சீராகக் கேட்டது. நான் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றேன். கணுக்கால்வரை சேறு. மழை மறுபடி தூற ஆரம்பித்தது.

“ஏங்க,” என்றாள் புஷ்பா, “அவ நம்மள விட்டுட்டுப் போயிட்டா.”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பண்ணைக்கு இரண்டு கிலோமீட்டர். சிரித்துக்கொண்டே நடந்தோம்.